ஒலிபெருக்கியை எந்த உயரத்தில் வைப்பது: ஸ்டாண்ட் வாங்குவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

புதிதாக ஒரு ஜோடி ஒலிபெருக்கி வாங்கியவர், அதை எந்த உயரத்தில் வைப்பது என்று விசாரிக்கத் தொடங்கினால், ட்வீட்டர், அதாவது உச்ச ஒலிகளை எழுப்பும் சிறிய பகுதி, காதுக்கு நேராக இருக்க வேண்டும் என்று ஒருவரும், அறுபது சென்டிமீட்டர் ஸ்டாண்ட் எல்லாவற்றுக்கும் போதும் என்று இன்னொருவரும், அலமாரியில் வைத்தாலே போதும் என்று மூன்றாமவரும் சொல்வார்கள். ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் எந்த ஒலிபெருக்கிக்கு, எந்த இருக்கைக்கு, எவ்வளவு தூரத்துக்கு என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. இந்தக் குழப்பத்தில் நானும் நெடுநாள் அலைந்ததால், வேலைகளை எந்த வரிசையில் செய்தால் பணமும் நேரமும் வீணாகாது என்பதை இங்கே எழுதுகிறேன். இது இரண்டு ஒலிபெருக்கிகள் கொண்ட ஸ்டீரியோ அமைப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தொலைக்காட்சிக்கும் மேசைக்கும் உரிய மாறுதல்கள் பின்னால் வருகின்றன.

தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை: அளவு நாடா, ஒலிபெருக்கியின் கையேடு, ரசமட்டம் அல்லது அந்த வேலையைச் செய்யும் கைப்பேசிச் செயலி, ஒரு தாள், உதவிக்கு ஒரு ஆள். முதல் ஐந்து படிகளுக்குச் செலவே இல்லை. அளவெடுத்துக் கணக்குப் போட ஒரு மணி நேரம் தாராளமாகப் போதும். கேட்டுப் பார்த்து முடிவு செய்ய ஒரு வாரம் ஒதுக்குங்கள். ஸ்டாண்டுக்கோ சுவர் பிராக்கெட்டுக்கோ பணம் கொடுப்பது அதற்குப் பிறகுதான்.

1. முதலில் இருக்கையை முடிவு செய்யுங்கள்

சரியான உயரம் என்று தனியாக ஒன்று கிடையாது. உங்கள் காது இருக்கும் இடத்தைப் பொறுத்தே ஒலிபெருக்கியின் உயரம் அமையும். ஆகவே எந்த நாற்காலியில், எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து கேட்கப் போகிறீர்கள் என்பது முடிவாகாத வரை மற்ற எந்த வேலையும் நிலைக்காது. சோபாவை மாற்றும் எண்ணம் இருந்தால் அதை முதலில் மாற்றிவிடுங்கள்.

ஒரே அறையில் இருவகை இருக்கை இருந்தால், அதாவது சில நேரம் சோபாவிலும் சில நேரம் தரையிலும் அமர்ந்து கேட்பதாக இருந்தால், அதிக நேரம் கவனித்துக் கேட்கும் இருக்கையைத் தேர்ந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு உயரத்தை வைத்தால் இரண்டு இடத்திலும் குறை கேட்பதற்கே வாய்ப்பு அதிகம்.

2. காதின் உயரத்தை அளந்து எழுதுங்கள்

வழக்கமாக எப்படிச் சாய்ந்து அமர்வீர்களோ அப்படியே அமருங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து அளப்பது பலரும் செய்யும் பிழை. சில நிமிடங்களில் உடல் சரிந்து, காது பல சென்டிமீட்டர் கீழே வந்துவிடும். இருக்கை மெத்தை அமுங்கி நிலைகொள்ளும் வரை காத்திருந்து, பிறகு தரையிலிருந்து காதுத் துளை வரை உள்ள உயரத்தை உதவியாளரை அளக்கச் சொல்லுங்கள். சாதாரண சோபாவில் அது பெரும்பாலும் 90 முதல் 105 செ.மீ.க்குள் வரும், உயரமான அலுவலக நாற்காலியில் 110 முதல் 120 செ.மீ. வரை போகலாம், தரையில் அமர்ந்தால் 65 முதல் 80 செ.மீ.

இங்கே ஒரு எச்சரிக்கை. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிஎஸ் 775 பரிந்துரையில் முன்பக்க ஒலிபெருக்கிகளின் உயரம் 1.2 மீட்டர் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, அதையே வீட்டுக்கும் விதியாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அந்த உயரம் நிமிர்ந்து அமர்ந்து வேலை செய்பவரின் காது மட்டத்தை ஒட்டியது. தாழ்வான சோபாவில் சாய்ந்திருப்பவருக்கு அது 20 அல்லது 25 செ.மீ. அதிகம்.

அதே அமர்வில் இன்னொரு அளவையும் எடுத்துவிடுங்கள்: ஒலிபெருக்கி நிற்கப் போகும் இடத்திலிருந்து காது வரை கிடைமட்டத் தூரம். நான்காம் படியின் கணக்குக்கு அது தேவைப்படும்.

3. கையேட்டில் ஒலிபெருக்கியின் அச்சைத் தேடுங்கள்

வடிவமைப்பாளர் ஒலிபெருக்கியைச் சோதித்துச் சரிசெய்யும்போது அளவி மைக்கை ஒரு குறிப்பிட்ட உயரத்தில் வைக்கிறார். அந்த உயரத்திலிருந்து முன்னோக்கிச் செல்லும் கோடுதான் ஒலிபெருக்கியின் அச்சு. நம் காது அந்தக் கோட்டில், அல்லது அதற்கு மிக அருகில், இருக்க வேண்டும். பெரும்பாலான ஒலிபெருக்கிகளில் அது ட்வீட்டரின் நடுப்புள்ளியிலிருந்தே தொடங்குகிறது. சிலவற்றில் ட்வீட்டருக்கும், தாழ்ந்த ஒலிகளை எழுப்பும் பெரிய பகுதியான வூஃபருக்கும் நடுவில் இருக்கும். வூஃபர் மேலேயும் ட்வீட்டர் கீழேயும் பொருத்தப்பட்ட பெட்டிகளும் உண்டு. வூஃபரின் நடுவிலேயே ட்வீட்டரைப் பொருத்திய ஒருமைய வகைகளும் உண்டு. கையேட்டில் 'கேட்கும் அச்சு', 'காது மட்டம்' போன்ற சொற்களைத் தேடுங்கள். கையேடு தொலைந்திருந்தால் தயாரிப்பாளரின் தளத்தில் அதன் மின்பிரதி பெரும்பாலும் கிடைக்கும். எந்தக் குறிப்பும் இல்லையென்றால் ட்வீட்டரின் நடுப்புள்ளியையே அச்சாகக் கொள்ளலாம்.

இந்த அச்சு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பின்னால் வரும் முடிவுகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன. ட்வீட்டர், வூஃபர் என இரண்டு பகுதிகள் கொண்ட இருவழி ஒலிபெருக்கியில், ஒலி ஒன்றிலிருந்து மற்றதற்குக் கைமாறும் கிராஸ்ஓவர் அதிர்வெண்ணை ஒட்டி ட்வீட்டரும் வூஃபரும் ஒரே ஒலியைச் சேர்ந்து எழுப்புகின்றன. இரண்டின் ஒலியும் ஒரே நேரத்தில் காதை அடைந்தால்தான் முழுதாகக் கூடும். காது அச்சிலிருந்து மேலேயோ கீழேயோ விலகினால் ஒன்றின் பாதை மற்றதைவிட நீண்டுவிடுகிறது. அலைகள் ஒன்றையொன்று ஓரளவு அழித்துக்கொள்கின்றன.

ஒரு உதாரணம்: ட்வீட்டருக்கும் வூஃபருக்கும் நடுவே 17 செ.மீ. இடைவெளி, கிராஸ்ஓவர் 2.5 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அந்த அதிர்வெண்ணில் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 13.7 செ.மீ. இரண்டும் அச்சில் ஒத்திசைந்து ஒலிக்கும்படி அமைந்த பெட்டியில், காது 5 பாகை விலகினால் இழப்பு அரை டெசிபல் அளவே. யாரும் கவனிக்க மாட்டார்கள். 10 பாகை விலகினால் சுமார் 2 டெசிபல் இழப்பு. கூர்ந்து கேட்பவருக்குக் குரலின் தெளிவு சற்று மங்கியதாகப் படும். 24 பாகையை நெருங்கும்போது இரண்டும் எதிரெதிராகி, அந்த அதிர்வெண்ணில் பெரும் பள்ளமே விழுந்துவிடும். கிராஸ்ஓவரின் வகையைப் பொறுத்து இந்த எண்கள் மாறும். மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒரே மாதிரி இல்லாமலும் போகலாம். இடைவெளி அதிகமானால் சகிப்புக் குறையும். ஒருமைய வகைகளில் இடைவெளியே இல்லாததால் இந்தச் சிக்கல் மிகவும் குறைவு. உயரத்தை மாற்ற வழியில்லாத அறை என்றால் அவற்றைப் பரிசீலிப்பது நல்லது.

4. கணக்குப் போடுங்கள், கோணத்தையும் பாருங்கள்

பெட்டியின் அடிப்பாகத்திலிருந்து அச்சு வரை உள்ள உயரத்தை அளந்து, காதின் உயரத்திலிருந்து கழித்தால் ஸ்டாண்டின் உயரம் கிடைக்கும். காது 95 செ.மீ., பெட்டியின் அடியிலிருந்து ட்வீட்டர் 27 செ.மீ. என்றால் தேவை 68 செ.மீ. ஸ்டாண்டின் அடியில் உள்ள கூர்முள்களையும் மேல்தட்டில் வைக்கும் ரப்பர் பட்டையையும் ஸ்டாண்டின் உயரத்தோடு கூட்டிக்கொள்ள மறக்க வேண்டாம். இரண்டும் சேர்ந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் ஆகிவிடும்.

கடையில் 68 செ.மீ. ஸ்டாண்ட் கிடைக்காது, 60 அல்லது 70 தான் கிடைக்கும். இங்கேதான் தூரம் கைகொடுக்கிறது. இரண்டரை மீட்டர் தள்ளி அமர்பவருக்கு 5 பாகை என்பது ஏறத்தாழ 22 செ.மீ. உயர வேறுபாடு. எனவே 60 செ.மீ. ஸ்டாண்டில் வைத்து 8 செ.மீ. குறைந்தால் விலகல் 2 பாகைகூட இல்லை. அதற்காகத் தனியாகச் செய்வித்து அதிகப் பணம் கொடுப்பது தேவையற்றது. ஆனால் ஒரு மீட்டர் தூரத்தில் அமர்பவருக்கு அதே 5 பாகை 9 செ.மீ. மட்டுமே. அருகில் அமர்ந்து கேட்பவர்கள் அளவில் கண்டிப்பாக இருக்க வேண்டும். தொலைவில் அமர்பவர்கள் கவலைப்படாமல் இருக்கலாம். 'காதுக்கு நேராக' என்ற ஒற்றை விதி இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது என்பதே அதன் மேல் எனக்குள்ள குறை.

5. செலவில்லாமல் சோதித்துப் பாருங்கள்

உறுதியான மேசை, மரப்பெட்டி, தடித்த புத்தகங்களின் அடுக்கு ஆகியவற்றைக் கொண்டு கணக்கில் வந்த உயரத்தைத் தற்காலிகமாக உண்டாக்குங்கள். அடுக்கு ஆடாமல் இருக்கிறதா என்று கையால் அசைத்துப் பார்த்த பிறகே பெட்டியை ஏற்றுங்கள். குழந்தைகளோ செல்லப் பிராணிகளோ உள்ள வீட்டில் சோதனை முடிந்ததும் இறக்கிவிடுங்கள். அகன்ற மேசைமீது வைத்தால் பெட்டியை முன்விளிம்புக்கு இழுத்து வையுங்கள். இல்லாவிட்டால் மேசைப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒலியைக் கேட்டுவிட்டு உயரத்தின்மேல் பழி போடுவீர்கள்.

முதல் சோதனைக்கு ஒரே ஒரு ஒலிபெருக்கி போதும். பிங்க் நாய்ஸ் எனப்படும், அருவி இரைச்சல் போன்ற சோதனை ஒலியை மிதமான அளவில் ஒலிக்கவிட்டு, இருக்கையில் அமர்ந்தபடியே தலையை மெதுவாக மேலும் கீழும் கொண்டுசெல்லுங்கள். ஒரு குறிப்பிட்ட பகுதியில் இரைச்சல் சீராகவும், அதைத் தாண்டியதும் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கூடாகவும் ஒலிப்பதை உணர்வீர்கள். அந்தச் சீரான பகுதியின் நடுவில் உங்கள் வழக்கமான காது மட்டம் இருக்க வேண்டும். தலையைத் தாழ்த்தும்போது ஒலி தெளிவடைந்தால் நல்ல பகுதி உங்கள் காதுக்குக் கீழே இருக்கிறது என்று பொருள். ஒலிபெருக்கியை உயர்த்த வேண்டும். தலையை உயர்த்தும்போது தெளிவடைந்தால் ஒலிபெருக்கியைத் தாழ்த்த வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, எத்தனை முறை மாற்றினாலும் சரிவரவில்லை என்று திகைப்பது எளிது. எனவே திசையைத் தாளில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து இரண்டு ஒலிபெருக்கிகளையும் ஒலிக்கவிட்டு, நன்றாகப் பதிவான தனிக்குரல் ஒன்றைக் கேளுங்கள். குரல் இரண்டுக்கும் நடுவில், வாய் இருக்கக்கூடிய உயரத்தில் நிற்க வேண்டும். ஆண் குரலின் அடிப்பகுதி தடித்து ஒலித்தால் வூஃபர் தரைக்கோ மேசைக்கோ மிக அருகில் இருக்கலாம்.

நின்றுகொண்டு கேட்டு முடிவு செய்யாதீர்கள். ஒலிபெருக்கியை நகர்த்திவிட்டு, ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று கேட்பவரின் காது, ட்வீட்டருக்கு 60 செ.மீ. மேலே, ஏறத்தாழ 22 பாகையில் இருக்கும். மேலே சொன்ன பள்ளத்துக்கு மிக அருகில் நின்று கேட்கிறார் என்று அர்த்தம். கடைகளில் நின்றபடி கேட்டுவிட்டு ஒலிபெருக்கியைக் குறை சொல்வதும் இதனால்தான்.

ஒரு உயரத்தை முடிவு செய்ததும் இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டுவிட்டு, பழக்கமான இசையைக் கேளுங்கள். மாற்றிய உடனே கேட்கும் எந்த வேறுபாடும் முன்னேற்றமாகவே தோன்றும்.

6. தரையின் பிரதிபலிப்பைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

உயரத்தை மாற்றினால் தரையில் பட்டு வரும் ஒலியும் மாறும். நம் உதாரணத்தில் வூஃபர் தரையிலிருந்து 78 செ.மீ. உயரத்தில், காது 95 செ.மீ. உயரத்தில், தூரம் இரண்டரை மீட்டர் என்றால், தரையில் பட்டு வரும் பாதை நேர்ப்பாதையைவிட 53 செ.மீ. நீளம். இதனால் 320 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு தாழ்வு ஏற்படும். அதே வூஃபரை 40 செ.மீ. உயரத்துக்கு இறக்கினால் தாழ்வு 610 ஹெர்ட்ஸ் அருகே நகரும். எந்த உயரமும் இதிலிருந்து தப்பாது. ஆகவே தாழ்வை ஒழிப்பதற்காக ஸ்டாண்டை மாற்றிக்கொண்டே இருப்பது முடிவில்லாத வேலை. மெல்லிய கம்பளம் ட்வீட்டரின் பிரதிபலிப்பைக் குறைக்கும். 320 ஹெர்ட்ஸில் அலைநீளமே ஒரு மீட்டரைத் தாண்டுவதால் அங்கே அது ஏறக்குறைய ஒன்றும் செய்யாது.

உண்மையில் தவிர்க்க வேண்டியது வேறு. வூஃபரின் நடுப்புள்ளி தரையிலிருந்தும், பின்சுவரிலிருந்தும், பக்கச்சுவரிலிருந்தும் ஒரே தூரத்தில் அமைந்துவிடக் கூடாது. அப்படி அமைந்தால் மூன்று பரப்புகளின் பாதிப்பும் ஒரே அதிர்வெண்ணில் குவிந்துவிடும். உயரம் காதால் தீர்மானிக்கப்பட்டுவிட்டதால், சுவர்களிலிருந்து உள்ள தூரங்களையே மாற்றிக்கொள்ளுங்கள்.

7. எதில் வைப்பது என்று இப்போது முடிவு செய்யுங்கள்

செலவு குறைந்தது சாய்ப்பது. பெட்டியின் முன்பக்கத்தை உயர்த்தினால் அச்சு மேல்நோக்கித் திரும்பும். எவ்வளவு உயர்த்துவது என்பதற்குக் கணக்கு எளிது. முன்பக்கம் உயர்த்திய அளவைத் தூரத்தால் பெருக்கி, பெட்டியின் ஆழத்தால் வகுங்கள். 25 செ.மீ. ஆழமுள்ள பெட்டியை முன்னால் ஒரு சென்டிமீட்டர் உயர்த்தினால், இரண்டரை மீட்டரில் அச்சு 10 செ.மீ. மேலே போகும். ரப்பர் ஆப்புகளோ பஞ்சு முட்டுகளோ போதும். ஆனால் 10 பாகைக்கு மேல் சாய்த்தால் பெட்டி வழுக்கும் அபாயம் கூடுகிறது.

உயரமான அலமாரிதான் ஒரே வழி என்றால், பெட்டியைத் தலைகீழாக வைத்துப் பாருங்கள். 140 செ.மீ. உயரத் தட்டில் நேராக வைத்தால் ட்வீட்டர் 167 செ.மீ.க்குப் போகும், 34 செ.மீ. உயரப் பெட்டியைக் கவிழ்த்து வைத்தால் 147 செ.மீ.க்கு வந்துவிடும். பிறகு பின்பக்கத்தை உயர்த்திக் காதை நோக்கிச் சாய்க்க வேண்டும். முன்விளிம்பில் ஒரு தடுப்பு கட்டாயம். பார்வைக்கு விநோதமாக இருக்கும், ஆனால் ஒலிக்கு எந்தக் கெடுதலும் இல்லை.

பெட்டியைப் படுக்கவைப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ட்வீட்டரும் வூஃபரும் பக்கவாட்டில் அமைந்தால், இதுவரை மேல்கீழாக இருந்த பள்ளம் இடவலமாகத் திரும்பிவிடும். அதன்பின் சோபாவில் ஒரு இருக்கை நகர்ந்தாலே ஒலி மாறும். கையேடு அப்படி வைக்க அனுமதித்தால் ஒழிய வேண்டாம்.

ஸ்டாண்ட் வாங்குவதாக இருந்தால் பெட்டியின் எடை, அடிப்பாகத்தின் அளவு, ஸ்டாண்டின் எடைத் தாங்குதிறன் ஆகிய மூன்றையும் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். மேல்தட்டு பெட்டியைவிடப் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அடித்தட்டு அகலமாக இருப்பதே முக்கியம். உயரம் மாற்றக்கூடிய ஸ்டாண்ட் விலை கூடுதலாக இருக்கும். இருக்கையை மாற்றும் எண்ணமோ வீடு மாறும் எண்ணமோ உள்ளவருக்கு மட்டுமே அது பயன்படும். பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாமா, எத்தனை நாளுக்குள் என்பதைக் கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள்.

சுவர் பிராக்கெட் என்றால் காகித வேலையும் சேர்ந்துவிடும். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். பெட்டியின் பின்புறம் திருகுத் துளை இல்லையென்றால் நீங்களாகத் துளையிடாதீர்கள். உத்தரவாதம் போய்விடும், காற்றுக்கசிவும் ஏற்படலாம். பின்புறம் காற்றுத்துளை உள்ள பெட்டியைச் சுவரோடு ஒட்டி மாட்டலாமா என்பதையும் கையேட்டில் பார்த்துவிடுங்கள். பிராக்கெட் தாங்கும் எடை, பெட்டியின் எடையைவிடக் கணிசமாக அதிகமாக இருக்கட்டும்.

8. தொலைக்காட்சியும் மேசையும்

தொலைக்காட்சிக்குக் கீழே வைக்கப்படும் நடு ஒலிபெருக்கி பெரும்பாலும் தாழ்வாகவே இருக்கும். முன்பக்கத்தை உயர்த்தி அச்சைக் காதை நோக்கித் திருப்புங்கள். தட்டின் முன்விளிம்புக்கு இழுத்து வையுங்கள். இடவல ஒலிபெருக்கிகளின் ட்வீட்டரும் நடு ஒலிபெருக்கியின் ட்வீட்டரும் உயரத்தில் வெகுவாக வேறுபட்டால், திரையில் ஒருவர் நடந்து செல்லும்போது அவர் குரல் குழியில் இறங்கி ஏறுவதுபோல் கேட்கும். கூரையை நோக்கி ஒலிக்கும் டால்பி அட்மாஸ் வகை ஒலிபெருக்கிகளைக் காது மட்டத்திலோ அதற்குச் சற்று மேலேயோ வைக்க வேண்டும்.

மேசைமீது வைப்பவர்களுக்குத் தூரம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் உயரத்தில் சலுகை கிடையாது. மேசைப்பரப்பில் நேரடியாக வைத்த சிறு பெட்டியின் ட்வீட்டர் பெரும்பாலும் காதுக்கு 20 முதல் 30 செ.மீ. கீழே இருக்கும். சிறு மேசை ஸ்டாண்டில் உயர்த்துவதே முதல் வழி. சாய்ப்பது இரண்டாம் வழி. சாய்த்தால் அச்சு சரியாகும், மேசைப்பரப்பின் பிரதிபலிப்பு அப்படியே இருக்கும்.

9. இறுதியாகச் சமன்செய்து, எழுதி வையுங்கள்

இரண்டு பெட்டிகளின் ட்வீட்டர்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, இரண்டும் ஒரே கோணத்தில் சாய்ந்திருக்கின்றனவா என்று ரசமட்டத்தால் பாருங்கள். தரை சரிவாக இருந்தால் தரையிலிருந்து அளப்பது ஏமாற்றும். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே நூல் கட்டிப் பாருங்கள். பெட்டி ஸ்டாண்டில் வழுக்காதபடி நான்கு மூலைகளிலும், பிறகு பிரித்தெடுக்கக்கூடிய, மாவுபோல் பிசையும் ஒட்டுப்பசையைச் சிறிது வையுங்கள். கம்பிகளை யார் காலிலும் சிக்காதபடி ஸ்டாண்டோடு சேர்த்துக் கட்டுங்கள்.

காதின் உயரம், அச்சின் உயரம், கிடைமட்டத் தூரம், முன்பக்கம் உயர்த்திய அளவு ஆகிய நான்கையும் தேதியிட்டுக் கையேட்டின் பின்னட்டையில் குறித்து, ஸ்டாண்டின் ரசீதையும் அதனுடனேயே வையுங்கள். நாளடைவில் சோபாவின் மெத்தை அமுங்கும். அப்போது இரண்டாம் படியையும் நான்காம் படியையும் மட்டும் மீண்டும் செய்தால் போதும், ஆப்பின் தடிமனைச் சற்று மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.